கண்ணுக்குத் தெரிகிற சொல் தேடினால் கிடைக்காதது ஏன்? தமிழ்த் தேடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இதழ்களையும் நூல்களையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை என்னுடையது. ஏற்றுவதில் பாதி நேரம் போகிறது. ‘தேடினேன், வரவில்லை’ என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதில் மீதி போகிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சொல் திரையில் கண்முன்னே இருக்கிறது. தேடினால் ‘எதுவும் இல்லை’ என்கிறதே?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊர் வரலாற்றை 300 பக்கத்துக்கு வேர்டில் எழுதி எடுத்து வந்தார். “பொங்கல்னு தேடினா ஒண்ணுமே வரலை சார், முதல் பக்கத்திலேயே பொங்கல்தான்” என்றார். பார்த்தேன். முதல் வரியிலேயே பொங்கல் இருந்தது. அவர் சொன்னதும் உண்மை, கணினி சொன்னதும் உண்மை.

நாம் பார்ப்பது எழுத்தின் வடிவத்தை. தேடல் பார்ப்பது அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. க, ங, ச ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனி எண். ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள்.

சிக்கல் ஒகர, ஓகாரக் குறிகளில் ஆரம்பிக்கிறது. ‘பொ’ என்பதை ‘ப’வும் ‘ொ’ என்ற ஒற்றைக் குறியுமாக எழுதலாம். ‘ப’, அப்புறம் ஒற்றைக்கொம்பு, அப்புறம் கால் என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆசிரியர் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிறகு ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கியிருந்தார். அந்த மாற்றி கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டுவிட்டது. தேடல் பெட்டியில் அவர் அடித்த ‘பொ’வில் இருந்தது ஒற்றைக் குறி.

கண்டுபிடிக்க எளிய வழி பேக்ஸ்பேஸ். ‘பொ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரே ஒரு முறை தட்டுங்கள். ‘ப’ மட்டும் மிஞ்சினால் எழுதியது ஒற்றைக் குறி. ‘பெ’ மிஞ்சினால் உடைந்த குறி. ஆசிரியரின் கோப்பில் தட்டியதும் ‘பெங்கல்’ என்று நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உடனடி வைத்தியம் வேண்டுமானால், தேடும் சொல்லை நீங்கள் அடிக்காதீர்கள். அந்தக் கோப்பிலேயே அது இருக்கும் ஓரிடத்தில் நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அதே எண்கள் வந்துவிடும், மீதி இடங்களும் கிடைத்துவிடும்.

கோப்பு முழுவதையும் சரிசெய்ய முடியுமா, மறுபடி அடிக்க வேண்டுமா?

மறுபடி அடிக்க வேண்டியதில்லை. யூனிகோடு அமைப்பே இந்த இரண்டு வடிவங்களும் சமம் என்று வரையறுத்து, உடைந்ததை ஒன்றாக்கும் முறைக்கு என்எஃப்சி என்று பெயரும் வைத்திருக்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஒரு வரி வேலை. இல்லாவிட்டால் வேர்டில் ‘கண்டுபிடித்து மாற்று’ போதும். கோப்பிலிருந்து உடைந்த கொம்பையும் காலையும் நகலெடுத்து மேல் பெட்டியில் ஒட்டுங்கள், ஒற்றைக் குறியைக் கீழ்ப் பெட்டியில் போடுங்கள். கொம்புக்குப் பின்னால் தனிக் கால் வருவதற்குத் தமிழில் வேறு பொருள் கிடையாது. அதனால் துணிந்து மாற்றலாம்.

ஔகாரத்தில் அந்தத் துணிச்சல் கூடாது. ‘ஔவையார்’ என்று அடிக்கத் தெரியாமல் பலர் ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டு ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘கௌரவம்’ அதே மாதிரி ‘கெளரவம்’ ஆகிவிடுகிறது. இவை உடைந்த வடிவங்கள் அல்ல, எழுத்துப் பிழைகள். என்எஃப்சி இதைத் தொடாது. ‘ஒள’ வருமிடமெல்லாம் ‘ஔ’ என்று மாற்றினால் போச்சு, கோப்பில் உள்ள ஒளி எல்லாம் அணைந்துவிடும். ‘கெள’வை மாற்றினால் கெளுத்தி மீன் செத்தது. முழுச் சொல்லாக எடுத்து, ஒளவை, கெளரவம், மெளனம், பெளர்ணமி என்று ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் பாதுகாப்பு. தேடும்போதும் ஒளவையார், ஔவையார் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பள்ளிப் பாடத்திலிருந்து கோயில் அழைப்பிதழ்வரை தப்பான வடிவம் அவ்வளவு பரவிக் கிடக்கிறது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மேக் கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்பின் பெயரைத் தானே உடைத்துத்தான் சேமிக்கும். ‘கோயில்’ என்று நீங்கள் வைத்த பெயர், சர்வருக்குப் போகும்போது கொம்பும் காலும் பிரிந்த கோயிலாகப் போகும். உள்ளடக்கம் சரியாக இருக்கும், பெயரைத் தேடினால் மட்டும் வராது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த பெயரைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது.

‘ஸ்ரீ’ போட்டால் பாதிதான் வருகிறது. ‘ரிக்‌ஷா’வும் அப்படியே. இவை ஏன்?

ஸ்ரீக்கு இரண்டு பிறப்பு. ‘ஸ’வில் தொடங்கி ஸ், ரீ என்று சேர்ப்பது ஒன்று. ‘ஶ’வில் தொடங்கி ஶ், ரீ என்று சேர்ப்பது இன்னொன்று. 2005இல் வந்த யூனிகோடு 4.1இல்தான் ‘ஶ’ என்ற எழுத்துக்குத் தனி இடம் கிடைத்தது. அதன் பின் ஶவில் தொடங்குவதே முறை என்று யூனிகோடு சொல்கிறது. ஆனால் அதற்குள் ஸவில் அடித்துப் பழகிவிட்டோம், விசைப்பலகைகளும் பெரும்பாலும் அதையே தருகின்றன. எழுத்துரு இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டும். இவை சமம் என்று யூனிகோடு வரையறுக்கவில்லை, ஆகவே என்எஃப்சி இங்கேயும் உதவாது. பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினால் ஈகாரம் கழன்று, உள்ளே இருப்பது ஸவா ஶவா என்று தெரிந்துவிடும். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் தேடுகிறவர்கள் ‘ரங்கம்’, ‘வில்லிபுத்தூர்’ என்று மட்டும் போடுவது நல்லது. ‘திரு’ போட்டு எழுதியவர்களும் அதில் சிக்குவார்கள்.

ரிக்‌ஷாவில் ஒளிந்திருப்பது கண்ணுக்கே தெரியாத ஒரு குறி. ‘க்’கும் ‘ஷ’வும் அடுத்தடுத்து வந்தால் எழுத்துரு இரண்டையும் ஒட்டி ‘க்ஷ’ ஆக்கிவிடும். பக்ஷிக்கு அது சரி, ரிக்‌ஷாவுக்கு நன்றாக இல்லை. அதனால் கவனமாக எழுதுகிறவர்கள் நடுவில் அகலமே இல்லாத ஒரு பிரிப்புக் குறியை வைத்து ஒட்டாமல் தடுக்கிறார்கள். ரிக்ஷா, ரிக்‌ஷா, ரிக்சா என்று மூன்றாக இந்த வண்டி ஓடுகிறது. இதே கண்ணுக்குத் தெரியாத குறி, இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது வேறு சொற்களிலும் தொற்றிக்கொண்டு வரும். அம்புக்குறி விசையால் சொல்லினூடே நகர்ந்து பாருங்கள். ஓரிடத்தில் தட்டியும் கர்சர் நகராமல் நின்றால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது.

பழைய கோப்பு. திறந்தால் தமிழாகத் தெரிகிறது, எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலக் குப்பை. தேட முடியுமா?

அது யூனிகோடுக்கு முந்தைய தலைமுறை. அப்போதெல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள், அவ்வளவுதான். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி எழுத்துரு ஓடியது. பாமினியில் ‘தமிழ்’ என்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்தக் கோப்பில் யூனிகோடுத் தமிழால் தேடினால் கடைசிவரை கிடைக்காது. ஆனால் அந்த நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் அரைப்புள்ளியையும் அடித்துத் தேடினால் உடனே வந்து நிற்கும்! அவசரத்துக்கு நான் இன்னமும் இப்படித் தேடுவது உண்டு.

தமிழ்நாட்டில் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டேம், டேப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இணையத்தில் புழங்கியவர்களிடம் டிஸ்கி என்ற குறியீடு இருந்தது. தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் டிஸ்கியில்தான் வந்தன, பிறகு யூனிகோடுக்கு மாறின. அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துரு நெடுநாள் இருந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது என்றாலும், அலமாரியில் இருக்கும் பழைய கோப்புகள் தானாக மாறிக்கொள்வதில்லை.

வழி ஒன்றுதான். எந்த எழுத்துரு என்று பார்த்து, அதற்குரிய மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்குங்கள். என்எச்எம் மாற்றி, சுரதாவின் மாற்றி இரண்டும் பலருக்குப் பழக்கமானவை. மாற்றுமுன் மூலக் கோப்பின் நகலைத் தனியாக வையுங்கள். தப்பான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து மாற்றிச் சேமித்துவிட்டு, மூலமும் போய், அழுத முகத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் அவையும் தமிழாக மாறிக் கொத்தாகக் கெடும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ‘ஏ’க்களும் வட்டத்துக்குள் ‘ஆர்’களும் வரிசையாக வருகின்றனவே?

இது வேறு நோய். யூனிகோடுத் தமிழ்தான், ஆனால் படிக்கிற நிரல் அதை மேற்கு ஐரோப்பியக் குறியீடு என்று நினைத்துவிட்டது. யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மேற்கத்தியக் கணக்கில் 224 என்பது கோடு போட்ட ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர். அதனால்தான் எந்தத் தமிழ்ப் பக்கம் கெட்டாலும் ஒரே மாதிரி கெடுகிறது. பிரவுசரிலோ எடிட்டரிலோ குறியீட்டை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் திரும்பிவிடும்.

இதில் கள்ளத்தனமான வகை ஒன்று உண்டு. பக்கத்தில் தமிழ் அழகாகத் தெரியும், தளத்தின் தேடலில் மட்டும் வராது. தரவுத்தளம் லத்தீன் என்று நம்பிச் சேமித்து லத்தீன் என்று நம்பியே திருப்பித் தருகிறது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று சமன்செய்வதால் பார்வைக்குப் பிசகு இல்லை. நடத்துகிறவரிடம் சொல்லுங்கள், நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால்? மூலம் அழிந்துவிட்டது. பழைய பேக்கப் இருந்தால்தான் உண்டு.

பிடிஎஃப்பில் ‘வேலை’ என்று தேடினால் இல்லை. நகலெடுத்து ஒட்டினால் ‘ேவைல’ என்று வருகிறது.

பிடிஎஃப் என்பது அச்சுத்தாள் மாதிரி. எந்த வடிவம் எந்த இடத்தில் என்பதுதான் அதற்கு முக்கியம். இரட்டைக்கொம்பு வவுக்கு இடப்பக்கம் தெரிகிறதா, சரி, அதை முதலில் எழுதிவிடுகிறது. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் வர வேண்டும் என்ற கணக்கைப் பிடிஎஃப் உருவாக்கிய நிரல் திருப்பி எழுதி வைக்காவிட்டால், எடுக்கும்போது கண் பார்க்கும் வரிசையிலேயே வரும். எ, ஏ, ஐ, ஒ, ஓ ஏறிய எழுத்துகள் எல்லாம் இப்படிக் கவிழும்.

தேட ஒரு குறுக்கு வழி: கொம்பே இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேடுங்கள். அரசாணை ஒன்றில் ‘வேலைவாய்ப்பு’ வேண்டுமானால் ‘வாய்ப்பு’ என்று போடுங்கள். கால், புள்ளி, உகரம் எல்லாம் வலப்பக்கமோ மேலேயோ கீழேயோ இருப்பதால் வரிசை கெடாது. அதுவும் வராவிட்டால் அந்தப் பிடிஎஃப்பில் இருப்பது பாமினி வகையறா, அல்லது வெறும் படம்.

படமாக இருந்தால்?

சொல்லைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் படம். ஓசிஆர், அதாவது படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கும் வேலை, செய்தால்தான் தேட முடியும். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாக்கித் தரும். சில பக்கங்களுக்கு அது போதும். பெரிய வேலைக்கு டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020இல் டெசராக்டுக்கு மாறிய பிறகுதான் அங்கே தமிழ் நூல்களின் உள்ளே தேடுவது கொஞ்சமாவது சாத்தியமாயிற்று.

ஓசிஆர் செய்ததில் தேடும்போது அதன் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ‘ர’வையும் காலையும் அது மாற்றிப் போடும். க என்ற எழுத்தும் ௧ என்ற தமிழ் எண் ஒன்றும், எவும் ௭ என்ற ஏழும், அவும் ௮ என்ற எட்டும், உவும் ௨ என்ற இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம். ஓசிஆர் எதையாவது ஒன்றை எடுத்துக்கொள்ளும். ‘அரசு’ என்பது ‘௮ரசு’ என்று கிடக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தேடினால் அகப்படாது.

1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்பு. ணா, றா, னாவும் வேறு வடிவம். யூனிகோடில் பழையதற்கும் புதியதற்கும் ஒரே எண்தான். ஆனால் புது வடிவத்தை மட்டும் பார்த்து வளர்ந்த ஓசிஆர், பழைய ‘னை’யைப் பார்த்துத் திணறுகிறது. 1950களின் இதழில் ‘சென்னை’யைத் தேடுகிறவர் ‘சென்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

‘மரம்’ என்று தேடினேன். ‘மரத்தில்’, ‘மரங்கள்’ எதுவும் வரவில்லை.

இது கணினியின் பிழை என்றே சொல்ல மாட்டேன். நம் மொழி அப்படி. வேற்றுமை ஏறினால் மரம் மரத்தை, மரத்தில், மரத்துக்கு ஆகிறது. வீடு வீட்டில் ஆகிறது. ஆறு ஆற்றில், கல் கற்கள், நாள் நாட்கள். ‘வா’வுக்கும் ‘வந்தான்’, ‘வருகிறாள்’ என்பவற்றுக்கும் பொதுவாக இருப்பது வ மட்டும். இதோடு சந்தி. வாழைப்பழம், வாழை பழம், வாழைப் பழம் என்று மூன்று விதமாகவும் எழுதுகிறோம். எழுதியவர் ஒற்றுப் போட்டாரா, இடம் விட்டாரா என்பது அவருக்கும் அவர் ஆசிரியருக்கும் இடையிலான விஷயம்.

கூகுள் போன்ற பெரிய தேடுபொறிகள் இதில் ஓரளவு தேறிவிட்டன. ஒரு கோப்புக்குள்ளோ சிறு தளத்துக்குள்ளோ தேடும்போது சொல்லைக் கத்தரிக்க வேண்டியது நீங்கள்தான். நான் முதலில் செய்வது கடைசிப் புள்ளியை எடுப்பது. ‘மரம்’ என்று தேடினால் மரமும், மரமே, மரமா கிடைக்காது. அங்கே மகரத்தின் மேல் புள்ளி இல்லையே. ‘மரம’ என்று புள்ளி இல்லாமல் தேடினால் எல்லாம் வரும். சில நிரல்கள் முழு எழுத்தாகத்தான் பொருத்தும், அங்கே இது பலிக்காது. பலவற்றில் பலிக்கும். அடுத்து ‘மரத்’ என்று ஒரு தரம், ‘மரங்’ என்று ஒரு தரம். மூன்று தேடலில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

அவசரப்பட்டு ‘மர’ என்று ஒரேயடியாகக் குறைத்தால் என்ன ஆகும்? மருந்து வரும், மரியாதை வரும், மரணம் வரும். உகரமும் இகரமும் ரவுக்குப் பின்னால் ஒட்டுகிற குறிகள்தானே, கணினிக்கு ‘மர’ என்ற தொடக்கம் எல்லாவற்றிலும் ஒன்று. ‘வீட’ என்று போட்டால் வீடும் வீட்டிலும் வரும், கூடவே வீடியோவும் வரும். எவ்வளவு கத்தரிக்கலாம் என்பது கொஞ்ச நாளில் கைப்பழக்கமாகிவிடும்.

‘மாடு’ கிடைக்கிறது, ‘ஆடு’ கிடைக்கவில்லை. விளையாட்டா?

விளையாட்டு இல்லை, எண்ணிக்கை. பல தளங்கள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் முழு உரைத் தேடலை நம்பி இருக்கின்றன. அதில் குட்டிச் சொற்களை அட்டவணையில் சேர்க்காத வழக்கம் உண்டு. பழைய மைஐசாம் அமைப்பில் குறைந்தது 4 குறிகள் வேண்டும், இன்னோடிபியில் 3. ‘மாடு’ என்பது ம, கால், ட, உகரம் என்று 4 குறிகள், தேறிவிட்டது. ‘ஆடு’ 3, கழிந்தது. மழையும் கல்லும் பல்லும் 3. பூ, தீ, கை எல்லாம் 2, இன்னோடிபியிலும் இடம் இல்லை. ஆங்கிலத்தின் ‘ஆஃப்’, ‘தி’ போன்ற உதிரிச் சொற்களைத் தள்ள வைத்த விதி நம் ஆட்டையும் பூவையும் சேர்த்துத் தள்ளுகிறது.

மைஐசாமில் இன்னொரு வேடிக்கை. சாதாரண முறையில் தேடும்போது, பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் வரும் சொல்லை அது ‘எங்கும் இருப்பது, பயனில்லாதது’ என்று ஒதுக்கிவிடும். தமிழ் இலக்கியத் தளத்தில் போய்த் ‘தமிழ்’ என்று தேடினால் ஒன்றுமே இல்லை என்று வரும். சிரிப்பதா அழுவதா? தேடுகிறவர் செய்யக்கூடியது நீளமான சொல்லாகப் போடுவது: ஆட்டுக்குட்டி, மல்லிகைப்பூ, தமிழிலக்கணம். அல்லது கூகுளில், கேட்பது எந்தத் தளம் என்று குறித்துத் தேடுவது. ‘சைட்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் தள முகவரி, அப்புறம் ஓர் இடைவெளி விட்டுச் சொல். தொடராக வேண்டுமானால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி.

எல்லாம் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை. எழுத்துக்கூட்டல் காரணமாக இருக்குமோ?

பெரும்பாலும் அதுதான். ஜாதி, சாதி. ஹிந்தி, இந்தி. ராமன், இராமன். லட்சுமி, லக்ஷ்மி, இலக்குமி. ஐயா, அய்யா. கணினியைக் கணிணி என்று எழுதுகிறவர்களின் எண்ணிக்கை குறையவே மாட்டேன் என்கிறது. ஃபேஸ்புக், பேஸ்புக், முகநூல் மூன்றையும் தேட வேண்டியிருக்கிறது.

ஈழத்து எழுத்தைத் தேடும்போது தமிழ்நாட்டுக்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். டொராண்டோ அங்கே ரொறன்ரோ. ஜெர்மனி யேர்மனி, நார்வே நோர்வே, ஆஸ்திரேலியா அவுஸ்திரேலியா. போலீஸ் பொலிஸ். ஆஸ்பத்திரிக்கு வைத்தியசாலை. ஆங்கிலத்தின் டி ஒலியை நாம் டகரத்தால் எழுதுகிறோம், அவர்கள் பல இடங்களில் ரகர றகரத்தால் எழுதுகிறார்கள். இது தெரியாமல் ‘டொராண்டோ தமிழர்’ என்று மட்டும் தேடிவிட்டு ‘அங்கே யாரும் எழுதவில்லை’ என்று கட்டுரை முடித்த ஆய்வு மாணவரை எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல்லை மாற்றித் தேடச் சொன்னேன், ஒரு வாரம் ஆளைக் காணோம், படிக்க அவ்வளவு கிடைத்திருந்தது.

வெளிநாட்டு நூலகப் பட்டியலில் தமிழ் நூலே இல்லை என்கிறதே?

இருக்கும். அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில், ஒலியை விட்டுவிட்டு எழுத்துக்கு எழுத்து மாற்றி வைக்கும் மரபு கொண்டவை. சிலப்பதிகாரம் அங்கே ‘எஸ்’ஸில் இருக்காது, ‘சி’ என்ற மூன்றாம் ஆங்கில எழுத்தில் இருக்கும். திருக்குறளில் ‘டி’க்குப் பின்னால் ‘எச்’ கிடையாது. ககரம் எங்கே வந்தாலும் ‘கே’தான், ‘ஜி’ வராது. மேலே கோடும் கீழே புள்ளியும் போடாமல் வெறுமனே அடித்தாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

தளம் நடத்துகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

சேமிக்கும்போதும் தேடும்போதும், இரண்டு பக்கமும், என்எஃப்சி ஆக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் நிலைமை முன்னைவிட மோசமாகும். அகலமில்லாக் குறிகளைத் தேடல் அட்டவணையில் மட்டும் நீக்குங்கள், மூல உரையில் கை வைக்காதீர்கள். இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்குங்கள். குறைந்தபட்ச நீளத்தை 2 ஆக்கி, சர்வரை மறுபடி இயக்கி, அட்டவணையைப் புதிதாகக் கட்டுங்கள். அமைப்பை மாற்றிவிட்டு அட்டவணையைக் கட்ட மறந்து, ‘மாற்றியும் பலனில்லை’ என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

சொற்பிரிப்பைச் சோதித்தே ஆக வேண்டும். பைத்தானில் சாய்கோடு டபிள்யூ என்ற வழக்கமான சொற்குறியைக் கொடுத்துத் ‘தமிழ்’ என்பதைப் பிரிக்கச் சொன்னால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு தருகிறது. இகரக் குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே தூக்கி வைத்த தளங்களில் தேடல் கோணலாவது பெரும்பாலும் இதனால். ஸ்பிங்க்ஸ் என்ற தேடல் மென்பொருள் வைத்திருப்பவர்கள் எழுத்து அட்டவணையில் தமிழ்ப் பகுதி சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பழைய இயல்பு அமைப்பில் ஆங்கிலமும் ரஷ்யனும் மட்டுமே இருந்தன.

விகுதி நீக்கத்துக்குப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பு முதல், அதாவது 2019 முதல், ஸ்னோபால் என்ற விகுதி வெட்டும் நிரலின் தமிழ் வடிவம் உள்ளேயே வருகிறது. எல்லாவற்றையும் சரியாக வெட்டாது, சில சமயம் வெட்டக் கூடாததையும் வெட்டும். இல்லாததற்கு எவ்வளவோ தேவலை.

எதுவுமே பலிக்கவில்லை. உங்களிடம் அனுப்பலாமா?

தாராளமாக. ஆனால் திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். படத்தில் பொங்கல் பொங்கலாகத்தான் தெரியும். அதற்குள் கால் ஒட்டியிருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? கோப்பில் இருக்கும் சொல்லை நகலெடுத்து ஒரு வரியில் ஒட்டுங்கள். நீங்கள் தேடல் பெட்டியில் அடித்த சொல்லை நகலெடுத்து அடுத்த வரியில் ஒட்டுங்கள். இரண்டு வரி போதும்.